ஏடு பார்ப்பதும் இலை பார்ப்பதும்

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், மரங்கள் வளரும் எல்லைக்கும் மேலே, உயர்ந்த மலைமுகடுகளில் ஒரு முட்செடி வளர்கிறது. தலை கவிழ்ந்த பூங்கொத்து. அதனைப் போர்த்தியதுபோல் பஞ்சொத்த அடர்ந்த வெண்மயிர். மலையேறுவோர் அதனை நெடுங்காலமாகக் கண்டு வந்தனர். தாவரவியலாரும் பறித்து உலர்த்தித் தாளில் ஒட்டிப் பாதுகாத்து வந்தனர். ஆயினும் 2020களின் தொடக்கம் வரை அதற்கெனத் தனிப்பெயர் இல்லை. அதனை ஒத்த வேறு மலை முட்செடிகளின் பெயர்களுக்குள் அது அடங்கிக் கிடந்தது. டென்வர் தாவரவியல் பூங்காவைச் சேர்ந்த ஜெனிஃபர் ஆக்கர்ஃபீல்ட் அதனைத் தனியினம் என்று நிறுவி, 'சிர்சியம் ஃபங்கியே' என்று பெயரிட்டார். சூரியகாந்திக் குடும்பத் தாவர ஆய்வுக்கே தம் வாழ்நாளைத் தந்து 2019இல் மறைந்த ஸ்மித்சோனியன் அறிஞர் விக்கி ஃபங்க்கின் நினைவு அப்பெயரில் நிற்கிறது.

இச்செய்தியில் 'புதிய இனம்' என்னும் தொடர் நம்மைச் சற்று நிறுத்துகிறது. செடி புதிதன்று; மலை புதிதன்று; கண்டவரும் பலர். புதிதாக நேர்ந்தது ஒன்றுதான்: ஒரு பெயரின் கீழ் ஒன்றுக்கு மேற்பட்ட பொருள்கள் கிடக்கின்றன என்பதை ஒருவர் கண்டுகொண்டார். பெயர் ஒன்றானால் பொருளும் ஒன்றே என்று கொள்வது நம் எல்லோர்க்கும் இயல்பு. தமிழிலேயே இதற்குச் சான்று உண்டு. விவிலியத்தைத் தமிழாக்கியோர் ஆதியாகமத்தில் வரும் முட்பூண்டைக் குறிக்கக் 'குருக்கு' என்ற சொல்லை ஆண்டனர். நம் ஊர்ப்புறத்திலோ குருக்கு என்பது பிரமதண்டு. மஞ்சள் பூவும் முள்ளிலையும் கொண்ட அச்செடி மெக்சிகோ நாட்டுப் பக்கமிருந்து வந்து நம் தரிசுகளில் குடியேறியது. கசகசாச் செடிக்கு உறவானது. சூரியகாந்திக் குடும்பத்து முட்செடிக்கும் அதற்கும் முள்ளைத் தவிர வேறு தொடர்பில்லை. சொல் ஒன்று, செடி இரண்டு. பேச்சு மொழிக்கு இது குறையன்று. தாவரவியலாரின் வேலையோ இங்கேதான் தொடங்குகிறது.

தமிழ் பயின்ற நமக்கு இவ்வேலை அயலானதன்று. கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் தொண்ணூற்றொன்பது பூக்களின் பெயர்கள் அடுக்கப்பட்டுள்ளன. 1889இல் பத்துப்பாட்டைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர்க்கு முதலில் கிடைத்த ஏடுகளில் அப்பகுதி சிதைந்திருந்தது. சில பூக்களின் பெயர்கள் விடுபட்டிருந்தன. அவர் ஏடு தேடி அலைந்து, தருமபுரம் ஆதீனத்துச் சுவடியில் அவ்வடிகளைக் கண்டெடுத்த வரலாற்றைத் தாமே பின்னாளில் எழுதியிருக்கிறார். (இத்தருமபுரம் மயிலாடுதுறையை அடுத்தது, நம் தருமபுரி அன்று.) ஓர் ஏட்டோடு மற்றோர் ஏட்டை ஒப்பிட்டு, எது எழுதுவோர் பிழை, எது உண்மையான வேறுபாடு என்று பிரித்தறிவதே பதிப்பாசிரியர் பணி. தாவரவியலாரும் இதனையே செய்கின்றனர். அவர்தம் ஏடு, உலர்த்திய செடி ஒட்டிய தாள். ஓர் இலையின் வேறுபாடு மண்ணாலும் மழையாலும் வந்ததா, வழிவழியாக வருவதா என்பதே அவர்முன் நிற்கும் வினா. புதிய பெயர் இடும்போது ஒரு மாதிரியை 'மூல மாதிரி' என்று குறித்துப் பேணி வைப்பர். ஐயம் எழும்போதெல்லாம் அறிஞர்கள் அதனிடமே திரும்புவர். மூலச்சுவடி என்று நாம் சொல்வதற்கு அது நிகரானது.

இத்தகைய ஒரு வரலாறு நம் மலைகளிலும் உண்டு. தருமபுரியிலிருந்து சேலம் செல்வோர் தொப்பூர்க் கணவாயைக் கடக்கையில் கிழக்கே காண்பது சேர்வராயன் மலைத்தொகுதி. இன்று அது சேலம் மாவட்டத்தைச் சேர்ந்தது. 1965 அக்டோபர் 2 வரை தருமபுரியும் அதே சேலம் மாவட்டத்துள் இருந்தது. அம்மலையில் ஒரு சிறுமரம் வளர்கிறது. அதுவும் சூரியகாந்திக் குடும்பத்ததே. அக்குடும்பத்தில் பெரும்பாலானவை பூண்டுகளும் செடிகளும்; மரமாவன சிலவே. நம் வயல் வரப்புகளில் சாதாரணமாகக் காணும் பூவாங்குருந்தல் சாண் அளவுப் பூண்டு; அதன் நெருங்கிய உறவு மலையில் மரமாக நிற்கிறது.

இம்மரத்திற்குத் தனிப்பெயர் தந்தவர் ஜேம்ஸ் சைக்ஸ் கேம்பிள் (1847–1925). இந்திய வனத்துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றபின், இங்கிலாந்தில் இருந்தபடி சென்னை மாகாணத் தாவரங்களைப் பற்றிய பெருநூலை எழுதத் தொடங்கினார். 1915 முதல் பகுதி பகுதியாக வெளிவந்த அந்நூலை அவர் மறைவுக்குப்பின் சி.இ.சி. ஃபிஷர் தொடர்ந்து 1936இல் நிறைவு செய்தார். பழைய தாள்களை ஒவ்வொன்றாக ஒப்புநோக்கிய அப்பணியின் ஊடேதான் கேம்பிள் 1920இல், கியூ தோட்டத்தின் ஆய்விதழில், சேர்வராயன் மலையின் மரத்தை 'வெர்னோனியா ஷெவராயென்சிஸ்' என்று அறிவித்தார். 1897இல் முற்றுப்பெற்ற ஹூக்கரின் ஏழு தொகுதி இந்தியத் தாவர நூலில் அப்பெயர் இல்லை.

கதை அத்துடன் முடியவில்லை. சுவிட்சர்லாந்து அறிஞர் டி கண்டோல் 1834இல், ராபர்ட் வைட் அனுப்பிய தென்னிந்தியத் தாவரங்களைக் கொண்டு 'மோனோசிஸ்' என்றொரு பேரினத்தை அமைத்திருந்தார். பின்வந்தோர் அது வேண்டாவெனக் கருதி வெர்னோனியாவுக்குள் கரைத்துவிட்டனர். 2006இல் ஸ்மித்சோனியனைச் சேர்ந்த ஹரால்ட் ராபின்சனும், மகரந்தத்தூளை மின்னணு நுண்ணோக்கியில் ஆய்ந்த ஜான் ஸ்கவார்லாவும் அப்பழம்பெயரை மீட்டெடுத்தனர். நம் மரம் 'மோனோசிஸ் ஷெவராயென்சிஸ்' ஆயிற்று. கொலராடோ முட்செடியின் பெயரில் வாழும் விக்கி ஃபங்க் பணியாற்றியதும் ராபின்சன் இருந்த அதே நிறுவனத்தில்தான். ஒதுக்கப்பட்ட பாடம் பிறிதொரு பதிப்பில் மூலத்திற்கு ஏறுவதைப் போன்றது இது.

எல்லாப் பெயருக்கும் இந்த மீட்சி வாய்ப்பதில்லை. வைட் 1838 முதல் 1853 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட இந்தியத் தாவரப் படநூலில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள் உள்ளன. அவருக்காக வரைந்த இந்திய ஓவியர்களுள் ரங்கையாவும் கோவிந்துவும் முதன்மையானவர்கள். இலை நரம்பையும் மகரந்தப் பையையும் பிரித்துக் காட்டிய அக்கைகள் இல்லையேல் அந்நூல் இல்லை. வைட் நன்றி மறவாமல் ஓர் ஆர்க்கிட் பேரினத்திற்குக் 'கோவிந்தூயியா' என்று பெயரிட்டார். பின்னர் அது முன்பே பெயர் பெற்ற 'ட்ரோபிடியா'வில் அடங்கும் என்று தெரிந்தது. விதிப்படி பழைய பெயரே நின்றது. கோவிந்துவின் பெயர் ஒத்தபெயர்ப் பட்டியலில் ஒதுங்கியது. இதில் எவர் மீதும் குற்றமில்லை. ஆயினும் எவருடைய பெயர் நிலைத்தது, எவருடையது கரைந்தது என்று பார்க்கையில் நெஞ்சில் ஏதோ உறுத்துகிறது.

மொழியின் செய்தியும் இதுவே. 1935 முதல் 2011 முடியப் புதிய தாவர இனத்தின் விளக்கம் இலத்தீனில் இருந்தாக வேண்டும் என்பது பன்னாட்டு விதி. 2012 முதல் ஆங்கிலமும் ஏற்கப்படுகிறது. தமிழில் எழுதிய விளக்கம் எத்துணைத் துல்லியமாயினும் அப்பெயர் செல்லாது. உலகத்தார் ஒருவரையொருவர் புரிந்துகொள்ள இப்படி ஓர் ஏற்பாடு வேண்டியிருக்கிறது. அதனைப் பழிப்பதால் பயனில்லை. 'ஷெவராயென்சிஸ்' என்பதனுள் சேர்வராயன் இருக்கிறான் என்பது உண்மையே. ஆனால் அம்மலையில் வழிவழியாக வாழும் மலையாளி மக்கள் அம்மரத்தை எவ்வாறு அழைத்தனர், எதற்குப் பயன்படுத்தினர் என்பதற்கு அப்பெயரில் இடமில்லை. அதனை எழுதி வைக்க வேண்டியவர்கள் தமிழ் அறிந்தவர்கள்.

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. 1820களில் சேலம் ஆட்சியர் காக்பர்ன் காலத்தில் சேர்வராயன் மலையேறிய காப்பி, பின்னர் மலைச்சரிவுகளின் உருவையே மாற்றியது. பாக்சைட் அகழ்வும் பின்னாளில் சேர்ந்துகொண்டது. அம்மலைக்கே சிறப்பாக உரியதென்று அறியப்பட்ட ஒரு மரம் அங்கே அருகினால், அதற்கு ஈடு செய்ய வேறிடம் இல்லை. பெயரற்ற உயிர் காக்கப்பட வேண்டியவற்றின் பட்டியலில் ஏறுவதில்லை. பிறிதொன்றின் பெயருக்குள் அடங்கிக் கிடப்பதோ, 'அதுதான் எங்கும் உண்டே' என்ற சொல்லிலேயே அழிந்துவிடும். 1920இல் கேம்பிள் இட்ட பெயர்தான் இன்று அம்மரத்திற்காகப் பேசுவதற்கு நமக்குள்ள பிடிமானம்.

இவ்வழியில் நம் பகுதிக்குப் பெரும்பணி செய்தவர் கே.எம். மேத்யூ (1930–2004). திருச்சிராப்பள்ளி தூய வளனார் கல்லூரியில் 1967இல் ராப்பினாட் உலர்தாவரத் தொகுப்பகத்தை நிறுவி, தமிழ்நாட்டுக் கர்நாடகச் சமவெளியையும் அதனுள் எழும் மலைகளையும் மாணவர்களோடு ஆண்டுக்கணக்கில் அளந்து, 1980களில் விளக்கமும் படமுமாகப் பெருந்தொகுதிகள் வெளியிட்டார். தாவரத்தின் பக்கம் அவர் நின்றார். சொல்லின் பக்கத்தில், சங்கநூற் செடிகொடிகளை இன்றைய தாவரவியற் பெயர்களோடு பொருத்திப் பார்த்த பி.எல். சாமி நின்றார். இவ்விரு பக்கங்களும் ஒரே மேசையில் சந்திப்பது நம் கல்லூரிகளில் அரிது.

வத்தல்மலையிலும் சித்தேரியிலும் செடிகளை இன்றும் பெயர் சொல்லி அழைக்கும் முதியோர் இருக்கின்றனர். தமிழ்த்துறை மாணவர் ஒருவர் அப்பெயரை எழுதிக்கொள்ள, தாவரவியல் மாணவர் ஒருவர் அதே செடியின் ஒரு கிளையை முறைப்படி உலர்த்த, இரண்டும் ஒரே தாளில் ஏறுமானால் போதும். செடியில்லாத பெயர் வெறும் ஒலியாக நின்றுவிடும். குறிஞ்சிப்பாட்டுப் பூக்கள் சிலவற்றை எந்தச் செடியினவென்று இன்றும் நாம் வாதித்துக்கொண்டிருப்பது அதனால்தான். பெயரில்லாத செடியோ தாளில் ஒட்டியிருந்தும், கொலராடோவின் அந்த முட்செடியைப்போல், தன்னைக் கண்டுகொள்ளும் கண்ணுக்காகக் காத்திருக்க நேரும்.