தொண்டர் தொகுத்த விபரக்கொத்துகளின் நிலைபேறு: அலுவிகாரையை முன்வைத்து ஒரு நோக்கு

மாத்தளை நகருக்கு வடக்கே, தம்புள்ளை செல்லும் பெருவழியின் அருகில், பாறைகளுக்கிடையே அமைந்துள்ளது அலுவிகாரை. கி.மு. முதலாம் நூற்றாண்டில், வட்டகாமணி அபயனின் ஆட்சிக்காலத்தில், அதுவரை வாய்மொழியாகப் பேணப்பட்டுவந்த திரிபிடகம் ஏட்டில் எழுதப்பட்ட இடம் இதுவென்பது மரபு. எழுதப்பட்ட செய்தியைக் கூறும் மகாவம்சம் இடத்தைப் பெயர்சுட்டிக் கூறவில்லை. பதினான்காம் நூற்றாண்டின் நிகாய சங்கிரகமே அதனை மாத்தளையோடு இணைக்கின்றது.

இந்நிகழ்ச்சியைச் சமய வரலாற்றின் ஓர் அத்தியாயமாக மட்டும் நோக்குதல் பொருந்தாது. கூலி பெறாத பலர் கூடிப் பேணும் அறிவுத்தொகுதி எதனால் நிலைக்கின்றது, எதனாற் குலைகின்றது என்னும் வினாவும் அதனுள் அடங்கியுள்ளது. இருபதாம் நூற்றாண்டின் இறுதியில், தொண்டர்கள் தொகுத்த இணையத்தள விபரக்கொத்துகளின் வரலாற்றில் அதே வினா மீண்டும் எழுந்தது.

ஏடுகள் தோன்றுமுன் திரிபிடகத்தைக் காத்தவர்கள் பாணகர் எனப்பட்ட ஓதுவோராவர். தீக நிகாயத்தை ஒரு குழுவினரும் மச்சிம நிகாயத்தை வேறொரு குழுவினருமாகப் பொறுப்பைப் பகுத்துக்கொண்டிருந்தனர். கொடிய பஞ்சம் நேர்ந்தபோது இவ்வமைப்பின் பலவீனம் வெளிப்பட்டது. மகாநித்தேசம் என்னும் நூலை முழுமையாக அறிந்தவர் ஒருவரே எஞ்சினார். அவரும் ஒழுக்கம் குன்றியவர். எனினும், நூல் மறைந்துவிடக்கூடாதென்று ஏனையோர் அவரிடமே அதனைக் கற்க நேர்ந்தது என உரைநூல்கள் கூறுகின்றன. பஞ்சம் நீங்கியபின், இந்தியாவிலிருந்து மீண்டவர்களும் இலங்கையில் தங்கியவர்களும் தத்தம் பாடங்களை ஒப்புநோக்கினர் எனவும் அவை குறிப்பிடுகின்றன. பொறுப்பைப் பகுத்தல், வாரிசை உருவாக்குதல், ஒப்புநோக்குதல் ஆகிய மூன்றும் இம்மரபின் தூண்களாக அமைந்தமை மனங்கொள்ளத்தக்கது.

இனி, இணையத்துக்கு வருவோமாயின், 1991 ஆம் ஆண்டு ரிம் பேர்ணர்ஸ்-லீ தொடக்கிய மெய்ந்நிகர் நூலகமே தொண்டர் உழைப்பில் வளர்ந்த விபரக்கொத்துகளுள் முன்னோடி. பின்னர் யாகூ நிறுவனம் ஊதியம் பெறும் தொகுப்பாளரைக்கொண்டு பெரியதொரு விபரக்கொத்தை அமைத்தது. ஆயினும், பெருகிவந்த தளங்களுக்கு அவர்களால் ஈடுகொடுக்க இயலவில்லை. இக்குறையை நிரப்ப, 1998 ஜூனில் ரிச் ஸ்கிரென்ராவும் பொப் ட்ரூவலும் தொண்டர்களை நம்பி ஒரு முயற்சியைத் தொடங்கினர். அவ்வாண்டே நெற்ஸ்கேப் நிறுவனம் அதனை வாங்கியது; திறந்த விபரக்கொத்துத் திட்டம் என்ற பெயரில் அது வளர்ந்தது. 2013 ஆம் ஆண்டளவில் 50 இலட்சத்துக்கு மேற்பட்ட தளங்களும் 10 இலட்சத்துக்கு மேற்பட்ட வகைப்பிரிவுகளும் அதில் இடம்பெற்றிருந்தன. பாணகரைப் போலவே ஒவ்வொரு தொகுப்பாளரும் ஒரு பிரிவைப் பொறுப்பேற்றார்.

இடர்ப்பாடுகள் பலவாயின. முதலாவது, வகைப்படுத்தல் பற்றியது. இதற்கு மாத்தளையே தக்க உதாரணம் தருகின்றது. மாத்தளை சோமு, மாத்தளை வடிவேலன் முதலிய எழுத்தாளர்கள் ஊர்ப்பெயரைத் தம் பெயரின் முன் கொண்டவர்கள். இவர்களை அகரவரிசையில் ‘மா’வில் வைப்பதா, இயற்பெயரின் முதலெழுத்தில் வைப்பதா? ஆஸ்திரேலியாவிற் குடியேறிய சோமுவை இலங்கை எழுத்தாளருள் வைப்பதா, புலம்பெயர்ந்தோருள் வைப்பதா? மலையக இலக்கியம் என ஒரு பிரிவு உண்டென்பதையே அறியாத தொகுப்பாளர் இவ்வினாக்களை எழுப்பவும் மாட்டார். பிரதேச அறிவுள்ளவர் விலகிய பிரிவு, ஓதுவோரை இழந்த நூலை ஒத்ததாகும்.

இரண்டாவது, நம்பகம் பற்றியது. தம் சொந்தத் தளங்களுக்கு முன்னுரிமை அளித்தனர், போட்டித் தளங்களைப் புறக்கணித்தனர் எனத் தொகுப்பாளர் சிலர்மீது குற்றச்சாட்டுகள் எழுந்தன. அவற்றைத் தவிர்க்க மேற்பார்வை கடுமையாக்கப்படின், புதியோர் சேர்வதும் தளங்கள் சேர்க்கப்படுவதும் தாமதமாகும். தளர்த்தப்படின் தரம் தாழும். ஊதியமில்லாத பணியில் கண்டிப்புக்கும் ஓர் எல்லையுண்டு.

மூன்றாவது, உறைவிடம் பற்றியது. உழைப்பு தொண்டருடையதாயினும் கணினி நிறுவனத்தினுடையது. 2006 ஒக்ரோபர் 20 அன்று தலைமைக் கணினி பழுதுற்றமையால் டிசெம்பர் 18 வரை தொகுப்புப்பணி தடைப்பட்டது. தேடுபொறிகளின் வளர்ச்சியால் விபரக்கொத்தின் தேவையும் குறைந்தது. கூகிள் தன் விபரக்கொத்தை 2011 இலும் யாகூ 2014 இலும் மூடின. நெற்ஸ்கேப்புக்குப் பின் உரிமை பெற்ற ஏஓஎல் நிறுவனம் 2017 மார்ச்சில் திறந்த விபரக்கொத்தையும் மூடியது.

இவ்விடத்தில் அலுவிகாரையின் பிற்கால வரலாறு ஒப்புநோக்கத்தக்கது. 1848 ஆம் ஆண்டு மாத்தளைக் கிளர்ச்சியை ஆங்கிலேயர் அடக்கியபோது அங்கிருந்த ஏட்டுத்தொகுதி அழிவுற்றது. ஆயினும் திரிபிடகம் அழியவில்லை. அதன் படிகள் பிற விகாரைகளிலும் பர்மா, சீயம் முதலிய நாடுகளிலும் இருந்தன. திறந்த விபரக்கொத்தின் தரவுகளும் எவரும் எடுத்தாளக்கூடியனவாக இருந்தமையால் அவற்றின் படிகள் எஞ்சின. தொண்டர் சிலர் கேளி என்ற பெயரில் பணியைத் தொடர்ந்தனர்.

எனினும், இரண்டிற்கும் அடிப்படை வேறுபாடு ஒன்று உண்டு. திரிபிடகம் மாறாத பாடத்தையுடையது. பிழையின்றிப் படியெடுத்தால் அது வாழும். விபரக்கொத்தோ நாள்தோறும் மூப்படைவது. முகவரி மாறும், தளம் மறையும். இறந்த இணைப்புகளைக் கண்டுபிடிக்க ரோபோசில்லா என்னும் மென்பொருள் பயன்பட்டது. ஆனால், உயிருள்ள முகவரியில் இப்போது வேறொருவர் குடியிருக்கின்றார் என்பதை மனிதரே பார்த்தறிதல் வேண்டும். நூலைப் படி காக்கும். விபரக்கொத்தை ஆளே காக்க வேண்டும்.

இவ்வுண்மை தமிழர்க்குப் புறம்பானதன்று. 2005 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட நூலகம் திட்டம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் தொண்டர் உழைப்பால் எண்ணிம வடிவிற் சேர்த்துவருகின்றது. அத்தகைய தொகுதியில் மாத்தளைத் தோட்டப்புறத்துச் சிறுவெளியீடு ஒன்று இடம்பெறுவதற்கு, அதனை இனங்கண்டு எடுத்துக்கொடுக்கும் ஒருவர் அப்பிரதேசத்தில் இருத்தல் வேண்டும். அவருக்குப்பின் இன்னொருவரும் வேண்டும். பஞ்சம் வந்த பின்னரே மகாநித்தேசத்தைக் கற்க விரைந்தனர் அக்காலத்தவர். ஒருவரே எஞ்சும்வரை காத்திராது அடுத்தவரைப் பயிற்றுவதே அலுவிகாரை இக்காலத்தவர்க்கு உணர்த்தும் பாடமாகும்.