ஜித்தா பயணம்: அன்று கப்பல், இன்று விமானம்

சென்னை விமான நிலையத்திலிருந்து ஜித்தா மன்னர் அப்துல் அஸீஸ் விமான நிலையம் வரை வான்வழித் தொலைவு ஏறத்தாழ 4,400 கிலோமீட்டர். நேரடி விமானத்தில் சுமார் 6 மணி நேரத்தில் சென்றடைகிறோம்.

நம் முன்னோர் பலர் ரயிலேறி மும்பை சென்று, அங்கிருந்து கப்பலில் ஒரு வாரத்திற்கும் மேலாகக் கடலில் பயணித்தனர். அந்த ஹஜ் கப்பல் போக்குவரத்து 1995-ஆம் ஆண்டு முடிவுக்கு வந்தது.

கப்பல் யலம்லமுக்கு நேராக வருமுன் குளித்து, இஹ்ராம் அணிந்து, நிய்யத் செய்ய அவர்களுக்குப் போதிய அவகாசம் இருந்தது. இன்றோ, விமானம் தரையிறங்குமுன் மீக்காத் எல்லை சில நொடிகளில் கடந்துவிடுகிறது. அயர்ந்து உறங்கினால் நிய்யத் தவறிப்போகும். ஆகவே நேராக ஜித்தா செல்லும் நாம், புறப்படும்போதே இஹ்ராம் துணியை உடுத்திக்கொள்வோம். மீக்காத்தை அடையுமுன் நிய்யத் செய்து தல்பியா முழங்குவோம்.

அல்லாஹ் நம் அனைவருக்கும் மக்பூலான ஹஜ்ஜை நஸீபாக்குவானாக. ஆமீன்.