நிசூர் சதுக்கமும் ஒரு கிராண்ட் ஜூரியும்

2007 செப்டம்பர் 16. பாக்தாத் நகரின் நிசூர் சதுக்கத்தில் நண்பகல் நேரம், நல்ல நெரிசல். அமெரிக்க வெளியுறவுத் துறைக்குக் காவல் வேலை பார்த்த பிளாக்வாட்டர் என்ற தனியார் நிறுவனத்தின் ஆட்கள் நான்கு கவச வண்டிகளில் வந்து, சாலையை மறித்து, சுட ஆரம்பித்தார்கள். ஈராக் அரசின் கணக்குப்படி 17 பேர் செத்தார்கள். ஒன்பது வயதுச் சிறுவனும் அதில் ஒருவன்.

2008 டிசம்பரில் ஐந்து பேர் மீது வாஷிங்டனில் வழக்கு. ஆறாவது ஆள் குற்றத்தை ஒப்புக்கொண்டார். ஒரு வருடத்துக்குச் சற்றுக் கூடுதலாகக் கழித்து, 2009 டிசம்பர் 31 அன்று, நீதிபதி ரிக்கார்டோ அர்பினா மொத்த வழக்கையும் தள்ளுபடி செய்துவிட்டார்! அவர்கள் நிரபராதிகள் என்று அவர் சொல்லவில்லை. கிராண்ட் ஜூரி முன்னால் அரசு வழக்கறிஞர்கள் நடந்துகொண்ட விதம்தான் காரணம்.

அதென்ன கிராண்ட் ஜூரி? நம்மூரில் போலீஸ் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யும். அமெரிக்காவில் மத்திய அரசு போடும் பெரிய வழக்கு என்றால், 16 முதல் 23 சாதாரணக் குடிமக்கள் ரகசியமாகக் கூடி, சாட்சியம் கேட்டு, அவர்களில் 12 பேராவது சம்மதித்தால்தான் வழக்கு விசாரணைக்குப் போகும். அந்த அறையில் நீதிபதி கிடையாது, எதிர்த்தரப்பு வக்கீலும் கிடையாது. அரசு வழக்கறிஞர் வைத்ததுதான் சட்டம். அவர் தப்பு செய்தால் அங்கேயே எழுந்து தடுக்க ஆளில்லை என்பதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

சுட்ட ஆட்களிடம் வெளியுறவுத் துறை உடனே வாக்குமூலம் வாங்கியது. 'உள்ளதைச் சொல்லாவிட்டால் வேலை போகும். சொன்னால் கிரிமினல் வழக்கில் உங்களுக்கு எதிராகப் பயன்படுத்த மாட்டோம்' என்பதுதான் ஏற்பாடு. தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது என்பது அமெரிக்க அரசியல் சட்டத்தின் ஐந்தாவது திருத்தம் (நம் 20(3) ஷரத்தும் இதுதான்). அதனால் அந்த வாக்குமூலத்தை மட்டுமல்ல, அதிலிருந்து கிளைத்த எதையும் தொடக்கூடாது.

இது புதுச் சட்டமும் அல்ல. இரான்-கான்ட்ரா விவகாரத்தில் ஆலிவர் நார்த் நாடாளுமன்றக் குழுவிடம் இப்படிப் பாதுகாப்போடு பேசியதால், அவர் மீதான தண்டனை 1990-ல் அதே வாஷிங்டனில் ரத்தானது.

அப்படியும் தொட்டார்கள். தூரமாக இருங்கள் என்று அரசுத் தரப்பிலேயே இதற்கென இருந்த வழக்கறிஞர்கள் எச்சரித்தும் கேட்கவில்லை. முதல் கிராண்ட் ஜூரிக்குப் போன சாட்சியம் கறைபட்டுவிட்டது. சரி, புதிதாக இன்னொரு கிராண்ட் ஜூரி வைப்போம் என்றார்கள். அதற்குப் பழைய சாட்சியங்களை வெட்டி ஒட்டிக் கொடுத்தபோது, குற்றம் சாட்டப்பட்டவர்களுக்குச் சாதகமான பகுதிகளும் காணாமல் போயின. அர்பினாவின் தீர்ப்பு சுமார் 90 பக்கம். அரசுத் தரப்பு விளக்கங்களை நம்பவே முடியவில்லை என்று எழுதியிருக்கிறார்.

இதில் எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. கோபமெல்லாம், இவ்வளவு சாட்சிகள் இருந்தும் அந்தக் காகிதங்களுக்கு ஆசைப்பட்டவர்கள் மேல்தான். ஈராக்கில் கொதிப்பு, 2010 ஜனவரியில் துணை அதிபர் ஜோ பைடனே பாக்தாத் போய் மேல்முறையீடு செய்வோம் என்று சொல்ல வேண்டியதாயிற்று.

2011-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம், சாட்சியத்தை மொத்தமாகக் கழிக்காமல் கறைபட்டதையும் படாததையும் தனித்தனியாகப் பார்க்கச் சொல்லித் திருப்பி அனுப்பியது. புது வழக்கறிஞர்கள், புது கிராண்ட் ஜூரி, 2013-ல் நான்கு பேர் மீது புதுக் குற்றச்சாட்டு. அதற்குள் இன்னொரு கூத்து: நிக்கோலஸ் ஸ்லாட்டன் மீதான குற்றச்சாட்டைத் தாங்களே நடுவில் கைவிட்டிருந்ததால், அவரைப் பொறுத்தவரை காலக்கெடு தாண்டிவிட்டது! கொலைக்குக் காலக்கெடு இல்லை என்பதால் 2014-ல் அவர் மீது நேரடியாகக் கொலை வழக்கே போட்டார்கள். முன்பு போட்டதைவிடக் கடுமையான வழக்கு.

ஈராக்கிலிருந்து சுமார் 30 சாட்சிகள் கடல் தாண்டி வந்தார்கள். 2014 அக்டோபரில் நால்வரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பு. 2017-ல் ஸ்லாட்டனின் தீர்ப்பும் மற்ற மூவரின் 30 வருடத் தண்டனையும் ரத்து. மறுபடி விசாரணை, அதில் ஒருமுறை ஜூரி ஒத்துவரவில்லை, மறுபடியும் விசாரணை. கடைசியில் 2019-ல் ஸ்லாட்டனுக்கு ஆயுள், மற்ற மூவருக்கு 12 முதல் 15 வருடம் வரை.

2020 டிசம்பர் 22 அன்று அதிபர் டிரம்ப் நான்கு பேருக்கும் மன்னிப்பு வழங்கினார்.