விடியற்காலைச் சத்தம்

"என்ஜின்ல ஏதோ தட்டுது" என்று பழைய அம்பாசடர் ஒன்று பட்டறைக்கு வந்தால், அனுபவசாலி மெக்கானிக் உடனே பானெட்டைத் திறக்கமாட்டார். "ராத்திரி வண்டி இங்கேயே நிக்கட்டும், காலையில பார்ப்போம்" என்பார். சோம்பல் இல்லை. ஓடிச் சூடேறி வந்த என்ஜின் பாதிச் சாட்சியத்தை வழியிலேயே தொலைத்திருக்கும்.

பிஸ்டன் அலுமினியம், அது ஏறி இறங்கும் சிலிண்டர் வார்ப்பிரும்பு. ஒரே சூட்டுக்கு அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரு மடங்கு விரியும். அதனால், தேய்ந்த சிலிண்டருக்குள் குளிர்ந்த பிஸ்டன் தளர்ந்து ஆடிச் சுவரில் மோதும். சூடேறினால் இடைவெளி குறைந்து சத்தம் அடங்கிவிடும். பேரிங் கதை வேறு: இரவெல்லாம் நின்ற வண்டியில் ஆயில் கீழே வடிந்திருக்கும். ஸ்டார்ட் செய்ததும் ஓரிரு நொடி கனத்த 'டொக் டொக்'. ஆயில் பிரஷர் ஏறியதும் அமைதி. வால்வு இடைவெளி கூடியதால் வரும் டேப்பெட் சத்தம் மட்டும் சூடானாலும் எளிதில் விடாது.

கல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் 2014 வரை தயாரான அம்பாசடர், இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டின் வாரிசு. முதலில் சைடு வால்வு என்ஜின். 1959இல் 1,489 சிசி புஷ்ராடு ஓவர்ஹெட் வால்வு என்ஜின் வந்தது. பம்பாயின் ஃபியட், சென்னையின் ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆகியவற்றிலும் அதே புஷ்ராடு அமைப்புதான். வண்டிகள் பல்லாண்டு மாறாததை வாங்கியவர்கள் திட்டினார்கள். மெக்கானிக்கின் காதுக்கோ அதுவே பள்ளிக்கூடம்.

கருவி, நீளமான ஸ்குரூடிரைவர். நுனி என்ஜின் மேல், கைப்பிடி காதோரம். 1816இல் பாரிஸ் மருத்துவர் லெனெக் காகிதத்தைச் சுருட்டி நோயாளியின் மார்பில் வைத்துக் கேட்டாரே, ஏறக்குறைய அதே உத்தி. பிறகு பிளக் ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றுவார்கள். எதைக் கழற்றும்போது தட்டல் தணிகிறதோ, அந்த சிலிண்டரின் பிஸ்டனிலோ பேரிங்கிலோதான் கோளாறு. அப்போதும் தணியாமல் மேலே டக்டக்கென்றால் டேப்பெட். இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜோடு வேலை முடிந்தது, என்ஜினை இறக்கவேண்டாம். வண்டிக்காரர் மூச்சு விடும் இடம் அது.

1983இல் மாருதி வந்தது. பின்னாளில் ஸ்கேனரும் வந்தது. அது சென்சார் பிடித்த பிழைகளைச் சொல்லும். சென்சாருக்குப் படாத தேய்மானத்துக்கு இன்றும் ஸ்குரூடிரைவர்தான். முன்னால் ஃபேன் சுற்றிக்கொண்டிருக்கும் என்பதால், குனியும் முன் தோளில் கிடக்கும் துண்டை எடுத்துத் தள்ளி வைத்துவிடுவார்கள்.