ஓ.ஹென்றியின் ரொக்கக் கணக்கு

தலைமுடியை விற்றுக் கணவனுக்குக் கடிகாரச் சங்கிலி வாங்கும் பெண்ணின் கதை ஞாபகம் இருக்கிறதா? நாம் பள்ளியில் படித்தது, இங்கே நம் பிள்ளைகளும் படிக்கிறார்கள். எழுதிய ஓ.ஹென்றி எங்கள் தொழில்காரர் என்றும், ரொக்கத்தில் கைவைத்ததாக ஜெயிலுக்குப் போனவர் என்றும் எந்த வாத்தியாரும் எனக்குச் சொன்னதில்லை.

இயற்பெயர் வில்லியம் சிட்னி போர்ட்டர். 1891லிருந்து 1894 வரை டெக்சாஸ் மாநிலம் ஆஸ்டினில் ஃபர்ஸ்ட் நேஷனல் பேங்க் டெல்லர். அங்கே டைரக்டர்களே சீட்டு எழுதாமல் பணம் எடுப்பார்களாம். இதைச் சொல்லி அவருக்குப் பரிந்து பேசுகிறவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சியில் இல்லை. சீட்டில்லாமல் பணம் போனால் பதில் சொல்ல வேண்டியவன் கூண்டுக்குள் இருப்பவன்தான். போதாததற்கு, 1896 ஜூலையில் விசாரணைக்கு முதல்நாள் மனுஷன் ஓடிவிட்டார்! நியூ ஆர்லியன்ஸ், அங்கிருந்து ஹோண்டுராஸ்.

அவரைத் திரும்ப வரவழைத்தது போலீஸ் அல்ல. மனைவி ஏதோலுக்குக் காசநோய் முற்றிவிட்டது. 1897ல் வந்து சரணடைந்தார். ஜூலையில் அவள் போய்விட்டாள். 1898 பிப்ரவரியில் 854 டாலர் 8 சென்ட்டுக்கு ஐந்து வருஷம் என்று தீர்ப்பு.

மருந்தாளர் லைசென்ஸ் இருந்ததால் ஒஹையோ சிறை ஆஸ்பத்திரியில் இரவு டியூட்டி. எட்டு வயது மகள் மார்கரெட்டிடம் அப்பா வியாபார விஷயமாக வெளியூர் போயிருக்கிறார் என்று சொல்லி வைத்தார்கள். கதை எழுதி நியூ ஆர்லியன்ஸ் நண்பர் வழியாக அனுப்பினார். பத்திரிகைக்காரர்களுக்கு ஜெயில் முகவரி தெரியக்கூடாதே.

நன்னடத்தைக்காக 1901 ஜூலையில் விடுதலை. மகளிடம் பிட்ஸ்பர்க் போனார், அடுத்த வருஷம் நியூயார்க். ஒரு நாளிதழுக்கு வாரம் ஒரு கதை. 1903ல் வந்த ஒரு கதையில், திருந்தி வாழும் பெட்டகத் திருடன் ஒருவன் பேங்க் பெட்டகத்தில் மாட்டிக்கொண்ட குழந்தையை மீட்கப் பழைய தொழிலைக் காட்டிவிடுகிறான். பிடிக்க வந்த டிடெக்டிவ் அவனைத் தெரியாதது போலப் போய்விடுகிறார்.

நிஜ வாழ்க்கையில் போர்ட்டர் பழசை மறைத்துக்கொண்டே இருந்தார். பேட்டியா, ஆளை விடு என்பார். நல்ல வருமானம்தான், ஆனால் கையில் தங்காது. வாங்கிய முன்பணத்துக்குக் கதை பாக்கி நிற்கும். குடி வேறு. 1907ல் சொந்த மாநிலத்துப் பெண்ணை இரண்டாம் கல்யாணம் செய்தார், அதுவும் நிலைக்கவில்லை. 1910 ஜூன் 5ம் தேதி இறந்தபோது வயது 47.

ஜெயில் விஷயம் ஊருக்கெல்லாம் தெரிந்தது 1916ல், பால்ய நண்பர் அல்ஃபோன்சோ ஸ்மித் அவர் வாழ்க்கை வரலாற்றை எழுதியபோதுதான்.