படுக்கையோரப் பணியிலிருந்து ஆவணப் பணிக்கு: மருத்துவ ஆவணச் செவிலியர் குறித்து நோயாளிகளும் பராமரிப்பாளர்களும் அறிய வேண்டியவை

மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெறும்போது, ஊசி போடாத, மருந்து தராத, ஆனால் நோயாளியின் கோப்பைக் கவனமாகப் படித்துக் கேள்விகள் கேட்கும் செவிலியர் ஒருவரை நீங்கள் காணலாம். பல ஆண்டுகள் வார்டில் பணியாற்றிய பின் மருத்துவ ஆவணப் பணிக்கு மாறியவராக அவர் இருக்கக்கூடும். அவர் பணி எத்தகையது, அதனால் நோயாளிக்கு என்ன பயன், நீங்கள் எவ்வாறு உதவலாம் என்பவற்றை இப்பக்கம் விளக்குகிறது.

மருத்துவ ஆவணப் பணி என்றால் என்ன?

நோயாளியின் நிலை, கண்டறியப்பட்ட நோய், அளிக்கப்பட்ட சிகிச்சை, அதன் விளைவு ஆகியவை கோப்பில் முழுமையாகவும் சரியாகவும் பதிவாகியுள்ளனவா என்று சரிபார்ப்பதே இப்பணி. விடுபட்டவற்றையும் ஒன்றுக்கொன்று முரண்பட்டவற்றையும் கண்டறிந்து, உரிய மருத்துவரிடம் எழுத்துப்பூர்வமாக விளக்கம் கேட்பது இதன் முக்கியக் கூறு. சில மருத்துவமனைகளில் இவர் மருத்துவப் பதிவேடுகள் பிரிவிலும், சிலவற்றில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவிலும், வேறு சிலவற்றில் காப்பீட்டுப் பிரிவிலும் பணியாற்றுவார்.

இப்பணி எவ்வாறு வளர்ந்தது?

செவிலியத்துக்கும் ஆவணத்துக்கும் உள்ள தொடர்பு புதிதன்று. 1854-இல் கிரிமியப் போரில் காயமுற்ற வீரர்களுக்குப் பணிவிடை செய்யச் சென்ற பிளாரன்ஸ் நைட்டிங்கேல், இறப்புக் கணக்குகளைக் கொண்டே மருத்துவமனைச் சுகாதாரத்தின் தேவையை நிறுவினார். எல்லா மருத்துவமனைகளும் ஒரே முறையில் புள்ளிவிவரங்களைத் தொகுக்க வேண்டும் என்ற அவரது திட்டம் 1860-இல் லண்டனில் நடந்த பன்னாட்டுப் புள்ளியியல் மாநாட்டில் முன்வைக்கப்பட்டது.

தனிப் பணியாக இது முதலில் பெரிதும் வளர்ந்த நாடு அமெரிக்கா. அங்கு முதியோருக்கான மெடிகேர் திட்டம், 1983 முதல், நோயின் வகையை அடிப்படையாகக் கொண்டு மருத்துவமனைகளுக்குக் கட்டணம் வழங்கத் தொடங்கியது. 2007-இல் நோயின் தீவிரத்தையும் கணக்கில் கொள்ளும் வகையில் அம்முறை திருத்தப்பட்டது. மருத்துவர் எழுதும் சொல் துல்லியமாக இருக்க வேண்டிய தேவை இதனால் கூடியது. நோயையும் சிகிச்சையையும் நேரில் அறிந்த செவிலியர்கள் இப்பணிக்கு ஏற்றவர்களாகக் கருதப்பட்டனர். இந்தியாவிலும் காப்பீட்டுத் திட்டங்களும் மருத்துவமனைத் தர அங்கீகாரமும் பரவியதையடுத்து ஆவணங்களின் முக்கியத்துவம் உயர்ந்துள்ளது.

செவிலியர்கள் ஏன் இப்பணிக்கு மாறுகின்றனர்?

தொடர்ந்த இரவுப் பணி, நீண்ட நேரம் நின்று வேலை செய்தல், நோயாளிகளைத் தூக்கி நகர்த்துவதால் வரும் முதுகுவலி, குடும்பப் பொறுப்புகள் ஆகியவை பொதுவான காரணங்கள். மாறுவோருக்குப் புதிதாகக் கற்க வேண்டியவையும் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி. எனப்படும் பன்னாட்டு நோய் வகைப்பாடு, கணினி வழிப் பதிவு, காப்பீட்டு விதிகள், தகவல் மறைகாப்பு ஆகியவற்றில் அவர் பயிற்சி பெறுகிறார்.

சிலர் இம்மாற்றத்தை, 'செவிலியத்தைக் கைவிட்டு மேசைப் பணிக்குச் சென்றுவிட்டார்' என்று கருதுகின்றனர். அது சரியன்று. நோயாளியின் கையைப் பிடித்து ஆறுதல் கூறும் வாய்ப்பு குறைவதை இழப்பாக உணரும் செவிலியர்கள் உண்டு. ஆயினும், சிறுநீரின் அளவு குறைந்துகொண்டே வருவதை அளவுக் குறிப்பில் கண்டதும் அதன் பொருளை உணரும் பயிற்சி வார்டு தந்ததே ஆகும். அந்த அறிவே இப்பணிக்கும் அடிப்படை.

இவர் நாள்தோறும் என்ன செய்கிறார்?

மூன்று எடுத்துக்காட்டுகள் இதை விளக்கும்.

• ஆய்வக அறிக்கையில் சோடியம் அளவு 122 என்று உள்ளது. இயல்பான அளவு 135 முதல் 145 வரை. அதற்கான சிகிச்சையும் தரப்பட்டுள்ளது. ஆனால் மருத்துவர் குறிப்பில் நோயின் பெயர் இல்லை. எண்ணை மட்டும் கொண்டு நோயின் பெயரை வேறு யாரும் தாமாக எழுத முடியாது. எனவே ஆவணச் செவிலியர் மருத்துவரிடம் விளக்கம் கேட்கிறார். அது பதிவானால்தான், அடுத்த முறை பார்க்கும் மருத்துவர் மருந்துகளைத் தேர்வு செய்யும்போது எச்சரிக்கையாக இருப்பார்.

• முதியவர் ஒருவருக்கு முதுகின் கீழ்ப்பகுதியில் படுக்கைப்புண் உள்ளது. அனுமதிக்கப்படும்போதே இருந்ததா, மருத்துவமனையில் ஏற்பட்டதா என்பது குறிக்கப்படவில்லை. முதலாவதானால் வீட்டில் அளிக்கும் பராமரிப்பை மேம்படுத்த வேண்டும். இரண்டாவதானால் வார்டின் பராமரிப்பில் உள்ள குறையைச் சரிசெய்ய வேண்டும்.

• கோப்பின் ஒரு பக்கத்தில் 'முதல் வகை நீரிழிவு' என்றும், மற்றொரு பக்கத்தில் 'இரண்டாம் வகை' என்றும் உள்ளது. ஐ.சி.டி.-10 வகைப்பாட்டில் முன்னதன் குறியீடு இ10, பின்னதன் குறியீடு இ11. ஓர் இலக்கமே வேறுபாடு. ஆனால் முதல் வகை நோயாளிக்கு இன்சுலினை நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகும்.

இவர் செய்யக் கூடாதவை யாவை?

ஆவணச் செவிலியர் நோயைக் கண்டறிந்து எழுதக் கூடாது. மருத்துவரின் குறிப்பைத் திருத்தக் கூடாது. விரும்பும் விடையை மருத்துவர் வாயில் வரவழைக்கும் வகையில் கேட்கவும் கூடாது. 'இவருக்கு செப்சிஸ் என்று எழுதலாமா?' என்பது தவறான கேள்வி. 'காய்ச்சல் உள்ளது, ரத்த அழுத்தம் குறைந்துள்ளது, லாக்டேட் உயர்ந்துள்ளது. இவை குறித்த தங்கள் மதிப்பீட்டைப் பதிவு செய்ய வேண்டுகிறோம்' என்பது முறையான கேள்வி. கூடுதல் தொகை பெறுவதற்காக இல்லாத நோயை எழுதுவது மோசடி. அது நோயாளியின் எதிர்காலச் சிகிச்சையையும் பாதிக்கும்.

நோயாளிக்கு என்ன பயன்?

முதலாவது, பாதுகாப்பு. பென்சிலின் ஒவ்வாமை கோப்பில் இல்லையெனில் அடுத்த மருத்துவமனை அதை அறியாது.

இரண்டாவது, சிகிச்சைத் தொடர்ச்சி. டிஸ்சார்ஜ் சம்மரி எனப்படும் விடுவிப்புச் சுருக்கம் தெளிவாக இருந்தால், உங்கள் ஊரிலுள்ள ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் சிகிச்சையைத் தடையின்றித் தொடர முடியும்.

மூன்றாவது, காப்பீடு. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்திலும் தனியார் காப்பீட்டிலும் ஆவணங்களைக் கொண்டே ஒப்புதல் வழங்கப்படுகிறது. தனியார் காப்பீட்டில், முன்பே இருந்த நோய்களுக்கு 36 மாதங்கள் வரை காத்திருப்புக் காலம் விதிக்க 2024-ஆம் ஆண்டின் விதிமுறைகள் இடமளிக்கின்றன. இந்நிலையில் 'பத்து மாதங்களாக ரத்தக் கொதிப்பு' என்று நீங்கள் கூறியது 'பத்து ஆண்டுகளாக' என்று பதிவானால், நியாயமான கோரிக்கையும் மறுக்கப்படலாம். அந்நேரத்தில் குடும்பம் கடன் வாங்கும் நிலைக்குத் தள்ளப்படும்.

நீங்கள் செய்ய வேண்டியவை

அனுமதிக்கப்படும்போது:
• உட்கொள்ளும் மருந்துகளையும் அட்டைகளையும் உடன் கொண்டு வாருங்கள். சித்த, ஆயுர்வேத மருந்துகளையும் தெரிவியுங்கள்.
• நோய் தொடங்கிய மாதத்தையும் ஆண்டையும் இயன்றவரை சரியாகக் கூறுங்கள். தெரியாவிட்டால் ஊகித்துக் கூறாமல் 'நினைவில்லை' என்று சொல்லுங்கள்.
• ஒவ்வாமை, புகை, மது, முந்தைய அறுவைச் சிகிச்சை ஆகியவற்றை மறைக்காதீர்கள்.
• உடலில் புண், வீக்கம், சிவப்புத் தடம் இருந்தால் முதல் நாளே செவிலியரிடம் காட்டுங்கள்.

விடுவிக்கப்படும்போது:
• பெயர், வயது, நோயின் பெயர், பாதிக்கப்பட்ட பக்கம் இடமா வலமா, மருந்தின் அளவு, மறுபரிசோதனை நாள் ஆகியவற்றைச் சரிபாருங்கள்.
• புரியாத சொல்லை விளக்கக் கேளுங்கள். பிழை இருந்தால் மருத்துவமனையை விட்டுச் செல்லும் முன்பே திருத்தக் கோருங்கள். நீங்களே அடித்துத் திருத்த வேண்டாம்.

உங்கள் உரிமைகள்

இந்திய மருத்துவக் கழகத்தின் 2002-ஆம் ஆண்டு நடத்தை விதிமுறைகளின்படி, உள்நோயாளியின் ஆவணங்களைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். நோயாளியோ அவரால் அதிகாரம் அளிக்கப்பட்டவரோ கோரினால், கோரிக்கையைப் பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகை அளித்து, 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களை வழங்க வேண்டும். கோரிக்கையை எழுத்தில் அளித்து, தேதியிட்ட ஒப்புகையைப் பெற்றுக்கொள்ளுங்கள். 3 ஆண்டுகளுக்குப் பின் ஆவணம் கிடைக்காமல் போகலாம் என்பதால், உங்கள் பிரதிகளை வீட்டில் ஒரே உறையில், தேதி வரிசையில் வைத்திருங்கள்.

நினைவில் கொள்க

ஆவணச் செவிலியர் கேள்வி கேட்பது உங்கள் மீது சந்தேகம் கொண்டு அன்று. கோப்பில் உள்ளது உங்கள் உடல்நிலையோடு ஒத்துப்போக வேண்டும் என்பதற்காகவே கேட்கிறார். பொறுமையுடன் விடையளியுங்கள், ஐயம் இருப்பின் நீங்களும் கேளுங்கள். நோய், சிகிச்சை குறித்த முடிவுகளுக்கு உங்கள் மருத்துவரையே அணுகுங்கள்.