செயல்வழித் தொழில்முனைவுக் கல்வி

செயல்வழித் தொழில்முனைவுக் கல்வி என்பது மாணவர்களைச் சிறு குழுக்களாகப் பிரித்து, சிறு முதலையும் குறித்த கால அளவையும் கொடுத்து, உண்மையான ஒரு பொருளையோ சேவையையோ உருவாக்கி விற்கச் செய்வதன் வழியாகத் தொழில்முனைவைக் கற்பிக்கும் முறை ஆகும். குழுவுக்கு வழங்கப்படும் தொடக்கப் பணம் விதைப்பணம் எனவும், குழு நடத்தும் தொழில் சிறுநிறுவனம் எனவும் அழைக்கப்படுகின்றன. விற்பனை, கணக்கு, கருத்து வேறுபாடு, இழப்பு ஆகிய நான்கையும் மாணவர்கள் நேரில் சந்திப்பதே இம்முறையைப் பாடநூல்வழி வணிகக் கல்வியிலிருந்து வேறுபடுத்துகிறது.

வரலாறு

இம்முறையின் முன்னோடியாக ஐக்கிய அமெரிக்காவில் 1919ஆம் ஆண்டு மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்ட் நகரில் தொடங்கப்பட்ட ஜூனியர் அச்சீவ்மென்ட் அமைப்பு கருதப்படுகிறது. காகித ஆலை உரிமையாளரான ஹொரேஸ் மோசஸ் இதன் நிறுவனர்களுள் ஒருவர். பள்ளி நேரத்துக்குப் பின் கூடும் மாணவர்கள் தங்களுக்குள் பங்குகளை விற்று முதல் திரட்டி, எளிய பொருள்களைச் செய்து விற்று, இறுதியில் நிறுவனத்தைக் கலைத்து இலாபத்தைப் பகிர்ந்து கொண்டனர். பிரித்தானியாவில் 1960களின் தொடக்கத்தில் யங் என்டர்பிரைஸ் அமைப்பு இதே வழியைப் பின்பற்றியது.

பிற்காலத்தில் பெரிதும் பேசப்பட்டது ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் டீனா சீலிக் நடத்திய பயிற்சியாகும். ஒவ்வொரு குழுவுக்கும் ஐந்து டாலர் இடப்பட்ட உறை ஒன்று தரப்பட்டது. திட்டமிடச் சில நாள்கள் உண்டு. ஆனால் உறையைத் திறந்த பின் இரண்டு மணி நேரத்துக்குள் இயன்ற அளவு பணம் ஈட்ட வேண்டும். ஒரு குழு மிதிவண்டிச் சக்கரங்களின் காற்றழுத்தத்தை இலவசமாகப் பார்த்து, காற்றடிக்க ஒரு டாலர் பெற்றது. பின்னர் கட்டணத்தை நீக்கி, விரும்பியதைத் தருமாறு கேட்டபோது வருவாய் உயர்ந்தது. மிகுதியாக, அதாவது 650 டாலர் ஈட்டிய குழு, வகுப்பில் தனக்கு ஒதுக்கப்பட்ட மூன்று நிமிட விளக்க நேரத்தையே, அம்மாணவர்களை வேலைக்குச் சேர்க்க விரும்பிய நிறுவனம் ஒன்றுக்கு விற்றுவிட்டது. கூடுதலாக ஈட்டிய குழுக்கள் அந்த ஐந்து டாலரைத் தொடவே இல்லை என்பது இங்குக் குறிப்பிடத்தக்கது.

செயல்படும் முறை

பொதுவாக ஐந்து முதல் பத்துப் பேர் வரை கொண்ட குழு அமைக்கப்படுகிறது. தலைமை, கொள்முதல், தயாரிப்பு, விற்பனை, கணக்கு எனப் பொறுப்புகள் பிரிக்கப்படுகின்றன. வாங்கக்கூடியவர்களிடம் பேசித் தேவையை அறிதல், மாதிரி ஒன்றைச் செய்து பார்த்தல், விலை வைத்தல், விற்றல், கணக்கு ஒப்படைத்தல் என்னும் படிகள் ஏறத்தாழ எல்லாத் திட்டங்களிலும் காணப்படும். ஆசிரியர் விடை சொல்பவராக அன்றி வழிகாட்டியாக இருக்க வேண்டும் எனக் கூறப்படுகிறது. நடைமுறையில் இதுவே கடினமானது.

மாணவர்கள் தவறுவது பெரும்பாலும் அடக்கவிலைக் கணக்கில்தான். எடுத்துக்காட்டாக, ஐவர் கொண்ட குழு பள்ளி விழாவில் சுண்டல் விற்கிறது எனக் கொள்வோம். பொருள்களுக்கு 600 ரூபாய் செலவு, விற்பனை 1,100 ரூபாய் எனில் இலாபம் 500 ரூபாய் என மாணவர்கள் எழுதுவர். வீட்டு எரிவாயு, கடன் வாங்கிய பாத்திரம் ஆகியவை அதில் இரா. ஐவரும் ஆளுக்கு ஆறு மணி நேரம் உழைத்திருந்தால் மொத்தம் 30 மணி நேரம். ஒரு மணி நேர உழைப்புக்குக் கிடைத்தது 17 ரூபாய்க்கும் குறைவு. இக்கணக்கைப் போட்டுக் காட்டாத திட்டம் விற்பனை விழாவாகவே முடியும்.

இந்தியாவில்

இந்தியாவில் இம்முறையை மிகப் பெரிய அளவில் செய்து பார்த்தது தில்லி அரசாகும். அரசுப் பள்ளிகளின் 9 முதல் 12 வரையான வகுப்புகளுக்கு 2019இல் தொழில்முனைவு மனப்பான்மைப் பாடத்திட்டம் கொண்டுவரப்பட்டது. இதன் செயல்முறைப் பகுதியாக 2021 செப்டம்பரில் பிசினஸ் பிளாஸ்டர்ஸ் திட்டம் தொடங்கப்பட்டது. கிச்சரிப்பூர் பள்ளியில் மாணவருக்கு 1,000 ரூபாய் வீதம் கொடுத்து முன்னோட்டம் பார்த்த பின், 11, 12ஆம் வகுப்பு மாணவர்களுக்குத் தலைக்கு 2,000 ரூபாய் விதைப்பணம் அறிவிக்கப்பட்டது. ஏறத்தாழ மூன்று இலட்சம் மாணவர்களுக்கென 60 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. புளூடூத் ஒலிபெருக்கி செய்த குழுக்கள் பரவலாக அறியப்பட்டன. தேர்ந்த குழுக்கள் முதலீட்டாளர்கள் முன் தம் திட்டத்தை விளக்கிய நிகழ்ச்சி 2021 நவம்பர் முதல் தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது. 2022 மார்ச்சில் கண்காட்சி ஒன்றும் நடைபெற்றது. பஞ்சாப் அரசு 2022இல் இதை ஒத்த திட்டத்தைத் தொடங்கியது. தில்லியில் 2025 பெப்ரவரியில் ஆட்சி மாறியதைத் தொடர்ந்து, அவ்வாண்டிலேயே நீவ் என்னும் வேறொரு தொழில்முனைவுத் திட்டம் அறிவிக்கப்பட்டது.

தமிழ்நாட்டில்

தமிழ்நாட்டில் தொழில்முனைவோர் மேம்பாடு மற்றும் புத்தாக்க நிறுவனம், பள்ளிக்கல்வித் துறையுடனும் யுனிசெஃப் அமைப்புடனும் இணைந்து பள்ளி புத்தாக்க மேம்பாட்டுத் திட்டத்தை நடத்தியுள்ளது. இங்கு தொடக்கப்புள்ளி விதைப்பணம் அன்று, சிக்கல். மாணவர் குழு தன் சுற்றுப்புறத்தில் ஒரு சிக்கலைக் கண்டறிந்து, அதற்குத் தீர்வு எண்ணி, மாதிரி செய்து போட்டிக்கு அனுப்புகிறது. கல்லூரி அளவில் நான் முதல்வன் திட்டத்தின் கீழ் நிரல் திருவிழா என்னும் குழுப்போட்டி நடத்தப்பட்டுள்ளது.

சிக்கலிலிருந்து தொடங்குவதில் ஓர் இடரும் உண்டு. 2011இல் சென்னை மாநகராட்சியுடன் இணைக்கப்பட்ட சடையங்குப்பத்தை எடுத்துக்கொள்ளலாம். பூண்டி நீர்த்தேக்கத்தின் உபரிநீர் கொசத்தலை ஆற்றில் திறந்துவிடப்படும்போது வெள்ள அபாயத்துக்கு உள்ளாகும் பகுதி இது. அருகிலுள்ள எண்ணூர்க் கழிமுகத்தில் 2023 டிசம்பரில் மிக்சாம் புயல் மழையின்போது எண்ணெய் கலந்து மீனவர்களின் படகுகளும் வலைகளும் பாழாயின. இப்பகுதி மாணவர் சிக்கலைத் தேடி அலைய வேண்டியதில்லை. ஆனால் இவை அரசும் ஆலைகளும் பொறுப்பேற்க வேண்டியவை. பதின்மூன்று வயது மாணவர் குழுவின் தலையில் ஏற்றத் தக்கவை அல்ல. வெள்ள நாளில் பாடநூல்களை நனையாமல் காக்கும் பை, தெருவுக்குத் தெரு நீர்மட்டம் காட்டும் அளவுகோல் என மாணவரின் கைக்கு எட்டும் அளவுக்குச் சிக்கலைச் சுருக்கிக் கொடுப்பது ஆசிரியரின் வேலையாகிறது.

மதிப்பீடுகள்

இம்முறையின் பயன் குறித்த ஆய்வுகள் ஆர்வலர்கள் எதிர்பார்த்த முடிவுகளைத் தரவில்லை. நெதர்லாந்தில் கல்லூரி ஒன்றின் இரு வளாகங்களை ஒப்பிட்டு ஊஸ்டர்பேக், வான் பிராக், ஐசல்ஸ்டைன் ஆகியோர் 2010இல் வெளியிட்ட ஆய்வில், சிறுநிறுவனம் நடத்திய மாணவர்களின் தொழில்முனைவுத் திறன்கள் குறிப்பிடத்தக்க அளவு உயரவில்லை. தொழில் தொடங்கும் எண்ணமோ குறைந்தது. தொழிலின் கடுமையையும் தம் திறனையும் மாணவர்கள் உள்ளபடி அறிந்துகொண்டது காரணமாக இருக்கலாம் என ஆய்வாளர்கள் கருதினர். இதைத் தோல்வி என்பதா, வெற்றி என்பதா என்பது திட்டத்தின் நோக்கத்தைப் பொறுத்தது.

அதே நாட்டின் தொடக்கப்பள்ளி மாணவர்களிடம் செய்யப்பட்டு 2014இல் வெளியான ஆய்வு வேறு விதமானது. நட்புக் கயிறுகளைச் செய்து விற்ற 11, 12 வயதுச் சிறுவர்களிடம் வணிக அறிவு கூடவில்லை. ஆனால் தன்னம்பிக்கை, விடாமுயற்சி, படைப்பாற்றல் போன்ற பண்புகள் மேம்பட்டன. எனவே வயது குறைந்த நிலையில் தொடங்குவது பயனுடையது என்னும் கருத்து வலுப்பெற்றது. மாணவர் சிறுநிறுவனங்களைப் பற்றி 2013இல் வெளியான மற்றோர் ஆய்வில், ஆண்கள் மிகுந்த குழுக்களைவிட ஆண்களும் பெண்களும் சமமாக அமைந்த குழுக்கள் கூடுதலாக விற்று, கூடுதல் இலாபம் ஈட்டின.

திறனாய்வு

அரசுப் பள்ளி மாணவரை வேலைவாய்ப்பின்மைக்குத் தாமே தீர்வு காணச் சொல்வதாக இத்திட்டங்கள் அமைகின்றன என்பது பொதுவான குறை. தொலைக்காட்சியில் தோன்றும் சில குழுக்களின் வெற்றி, பணத்தை இழந்த பல குழுக்களின் அனுபவத்தை மறைத்துவிடுகிறது என்பது மற்றொன்று. குழுவில் இருவர் உழைக்க மற்றவர் மதிப்பெண் பெறுவதும் உண்டு. இதற்காகச் சில இடங்களில் குழு மதிப்பெண்ணோடு, உறுப்பினர்கள் ஒருவரையொருவர் மதிப்பிடும் மதிப்பெண்ணும் சேர்க்கப்படுகிறது.

காசிமேடு போன்ற துறைமுகப் பகுதிகளில் மீன் விற்கும் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு வாங்கி விற்பது புதிதன்று. ஏலம் கேட்பதையும் பேரம் பேசுவதையும் அவர்கள் ஆசிரியரைவிட நன்கு அறிவர். அவர்களுக்கு இத்திட்டங்கள் தரக்கூடியது விற்பனைப் பயிற்சி அன்று. நாள் கணக்கை எழுதி வைத்தல், வட்டியைக் கணக்கிடுதல், வங்கிக் கடனுக்கு விண்ணப்பித்தல் ஆகியவையே.